வெட்டுப்பட்ட சீசர்தான் எனக்கு வேண்டும்

பழைய காசு சேர்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கனவு இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துக் காசு சேர்க்கிறவர் என்றால் 1939-ம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். ரோமானியக் காசு சேர்க்கிறவர் என்றால் 'பன்னிரண்டு சீசர்கள்'. ஜூலியஸ் சீசரில் ஆரம்பித்து டொமிஷியன் வரை பன்னிரண்டு பேரின் தலையும் வரிசையாக ஆல்பத்தில் உட்கார வேண்டும். சூட்டோனியஸ் என்கிற ரோமானிய எழுத்தாளர் இந்தப் பன்னிரண்டு பேரின் வாழ்க்கையை எழுதி வைத்துவிட்டுப் போனதில் வந்த வினை இது. இதில் ஓத்தோ என்று ஒரு ஆசாமி. கி.பி. 69-ல் மூன்றே மாதம் ஆண்டார், தோற்றார், தற்கொலை செய்துகொண்டார். அவ்வளவு கொஞ்ச காலம் ஆண்டதாலேயே அவர் காசு அரிது, விலையும் அதிகம். இருபத்து மூன்று வருஷம் ஆண்ட டைபீரியஸின் காசு அவரைவிட மலிவு. சேகரிப்பாளர் உலகத்தின் நியாயம் அப்படி!

எனக்கு அந்த ஆல்பம் வேண்டாம். ஒரே ஒரு ரோமானியக் காசுதான் என் ஆசை. அதுவும் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்த காசு. ஏலத்தில் அதைச் 'சேதமடைந்தது' என்று எழுதி விலையைக் குறைத்துவிடுவார்கள். என் கணக்கில் அந்த வெட்டுதான் காசு, மிச்சமெல்லாம் வெறும் உலோகம். ஏன் என்று சொல்கிறேன். (கிளாஸில் என்னைச் 'செல்லாக்காசு' என்று கூப்பிடும் நண்பர்கள் கடைசி வரை படிக்கவும்.)

முதலில், ரோமாபுரிக் காசுக்கு நம் மண்ணில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கதை. மிளகு, முத்து, மெல்லிய பருத்தித் துணி, யானைத் தந்தம், கொங்கு நாட்டின் பெரில் கல். இவற்றை வாங்க எகிப்திலிருந்து பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல்கள் வந்தன. முசிறியில் யவனர் மிளகு வாங்கிய கதை அகநானூற்றின் 149-ம் பாட்டிலேயே இருக்கிறது. அவர்களிடமிருந்து நாம் வாங்க அதிகமில்லை. மது, பவளம், கொஞ்சம் கண்ணாடி, அவ்வளவுதான். மீதிக்கு வெள்ளியும் தங்கமும் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு மட்டும் வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினி கி.பி. 77 வாக்கில் புலம்பி எழுதியிருக்கிறார். நூறு செஸ்டர்ஸ் ஒரு தங்கக் காசு. அகஸ்டஸ் காலத் தங்கக் காசின் எடை எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நம் ஊர் ஒரு சவரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக வருஷத்துக்கு ஐந்து லட்சம் சவரன்! பிளினி கொஞ்சம் ஊதியிருப்பார்தான். பாதியைக் கழித்தாலும் நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் எல்லாம் கூச்சப்பட வேண்டிய கணக்கு இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை டைபீரியஸுடையது. கி.பி. 22-ல் அவர் செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்களின் நகை ஆசையால் நம் பணமெல்லாம் அந்நியர்களுக்கும் பகைவர்களுக்கும் போகிறதே என்ற வருத்தம் அதில் இருந்ததாக டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். சரி, அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தைத் தோண்டினால் என்ன கிடைக்கிறது? டைபீரியஸின் மூஞ்சிதான்! கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூரில் 1842-ல் ஒரு பானையில் ஐநூறுக்கும் மேல் வெள்ளிக் காசுகள். உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்தில் 1891-ல் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் இரண்டே பேர்.

அகஸ்டஸ் காசிலும் ஒரு சோகம் இருக்கிறது. கொங்குப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே அச்சு. பின்பக்கத்தில் இரண்டு பையன்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். காயஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், தனக்குப் பிறகு ஆள வேண்டும் என்று அவர் தத்தெடுத்த பிள்ளைகள். லூசியஸ் கி.பி. 2-ல் செத்தான், காயஸ் கி.பி. 4-ல். பட்டத்துக்கு வராமலே போன இரண்டு பையன்களின் படம், இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன் நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரைக்கு மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது. வாங்கியவர்களுக்கு அந்தப் பையன்கள் யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. வெள்ளி நல்ல வெள்ளியா என்பதுதான் கேள்வி.

அதில் நம் ஆட்கள் கெட்டி என்றுதான் தோன்றுகிறது. கி.பி. 64-ல் நீரோ ஒரு வேலை செய்தார். அதுவரை ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த அக்கசாலையை 96 காசு அடிக்க வைத்தார், போதாததற்குச் செம்பையும் கலந்தார். அதற்குப் பிறகு அடித்த வெள்ளிக் காசு நம் பக்கப் புதையல்களில் அபூர்வம். ரோமாபுரியில் எந்த ராஜா ஆண்டாலும், இங்கே செல்லுபடியானது செத்துப்போன அகஸ்டஸும் டைபீரியஸும்தான். இதற்கு வேறு விளக்கம் சொல்கிற அறிஞர்களும் உண்டு. ஆனால் எங்கள் தெரு அடகுக்கடைக்காரரைக் கவனித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த விளக்கமே போதும்.

இப்போது வெட்டுக்கு வருவோம்.

1898-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், ஆலங்குடி பக்கம் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸிலிருந்து வெஸ்பாசியன் வரை எல்லோரும் ஆஜர். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஹில் அந்த வருஷமே இதைப் பற்றி எழுதினார். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் ராஜாவின் தலைமேல் உளி வைத்து ஒரு வெட்டு! தங்கத்தைச் சுரண்டி எடுக்கவில்லை, எடை குறையவில்லை. முகத்தை மட்டும் குறிபார்த்து ஒரு போடு.

ஏன்? உள்ளே செம்பை வைத்து மேலே தங்கம் பூசிய கள்ளக்காசா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. ஆனால் சோதனைக்கு என்றால் ஓரத்தில் வெட்டலாமே, எதற்குக் குறிபார்த்து முகத்தில்? மனித உருவம் பொறித்த காசை ஏற்காதவர்கள் வெட்டினார்கள் என்பது இன்னொன்று. 'இனி இது ரோமாபுரிக் காசு இல்லை, வெறும் தங்கம்' என்று அறிவிக்க வெட்டினார்கள் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. காலாவதியான ஏடிஎம் கார்டைக் குறுக்கே கத்தரிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. எவனோ ஒரு அதிகாரியோ வணிகனோ வரிசையாக ஐந்து ராஜாக்களை, ஆறு ராஜாக்களை எடுத்து வைத்து, ஒவ்வொருவராக, 'உன் அதிகாரம் உன் ஊரோடு சரி' என்று உளியால் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் கை அசைவு மட்டும் இரண்டாயிரம் வருஷமாக அப்படியே இருக்கிறது. இதைப் போய்ச் சேதம் என்று எழுதினால் கோபம் வராதா?

வெட்டு மட்டும் இல்லை. இங்கே வந்த காசுக்கு நம் ஆட்கள் செய்த எல்லாமே எனக்கு அந்த ராஜாவைவிட முக்கியமாகப் படுகிறது. தென்னிந்தியாவில் கிடைத்த பிற்காலத்துத் தங்கக் காசுகள் பலவற்றில் தலைக்கு மேலே இரண்டு ஓட்டை இருக்கும். நூல் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், ராஜா நிமிர்ந்து தெரிகிற மாதிரி! காசுமாலையின் கொள்ளுப்பாட்டி. சிலர் சுடுமண்ணிலேயே ரோமக் காசு மாதிரி வில்லை செய்து போட்டுக்கொண்டார்கள் (இன்றைய கவரிங் நகைதான் வேறென்ன). நாலாம், ஐந்தாம் நூற்றாண்டில் வந்த தியோடோசியஸ், ஆர்கேடியஸ், ஹொனோரியஸ் செப்புக் காசுகள் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். கரூர், மதுரை, கடல் தாண்டி இலங்கை என்று கொத்துக் கொத்தாகக் கிடைப்பதைப் பார்த்தால் சந்தையில் சில்லறையாகவே ஓடியிருக்க வேண்டும். இலங்கையில் சொந்தமாகவே அதே மாதிரி அச்சடித்தும் விட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே மாக்கோதை. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சிறிய வெள்ளிக் காசு. ஒரு சேர அரசனின் தலை, பக்கவாட்டில், அச்சு அசல் ரோமானிய பாணியில். மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்று பெயர். ஒரு ஊரில் அவர்கள் ராஜாவின் முகத்தை வெட்டினார்கள், இன்னொரு ஊரில் அதைப் பார்த்துத் தங்கள் ராஜாவின் முகத்தை அச்சடித்தார்கள். இரண்டுமே பதில்தான்.

கவனியுங்கள், மேலே நான் எழுதிய ஒவ்வொன்றும் எதனால் தெரிந்தது? ஊர்ப் பெயரால். கறுக்காக்குறிச்சி, வெள்ளலூர், பூதிநத்தம், அமராவதிப் படுகை. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் டைபீரியஸ் வெறும் டைபீரியஸ். அந்த மாதிரி டைபீரியஸ்கள் உலகம் முழுக்கக் கடைகளில் கிடைக்கிறார்கள். கொங்குப் புதையலில் வந்தவன், சிரியாவில் வந்தவன், ஸ்பெயினில் வந்தவன் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் ஒரே மாதிரி முழிப்பான்.

நம் திருவண்ணாமலைக்கு வருவோம். பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவிலூர் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். மலையமான்கள் ஆண்ட ஊர். அந்த வட்டாரத்திலும் ரோமானியத் தங்கக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. குதிரை உருவம் போட்ட மலையமான் காசுகளும் அந்த ஆற்றோடு சம்பந்தப்பட்டவைதான். இந்தப் பக்கம் செங்கம், மலைபடுகடாம் பாடும் நன்னனின் ஊர். செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஈயக் காசுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்தும் கொங்கிலிருந்தும் கிழக்கே போன சரக்கு எந்த வழியாகப் போயிருக்கும் என்று யோசித்தால் நம் மாவட்டத்து ஓடைகளையும் வயல்களையும் வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும். தை மாதம் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்ப்பேட்டை போகிறாரே, அதே பெண்ணையாறு. அங்கே பையன்கள் கயிற்றில் காந்தம் கட்டி ஆற்றில் காசு தேடுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போதைய எவர்சில்வர் காசு காந்தத்தில் ஒட்டும், ஆர்கேடியஸ் ஒட்டமாட்டார்!

நான் கடுப்பாவது கள்ளக்காசு விற்பவர்கள் மேல் இல்லை. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் துணி விரித்து விற்கிற கடைகளில் 1818 என்று வருஷம் போட்ட ராமர் பட்டாபிஷேகக் காசு கட்டாயம் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிடவே இல்லை. போன தடவை ஒருவர் 'ஜூலியஸ் சீசர் காலத்துக் காசு தம்பி' என்று ஒன்றைக் கையில் வைத்தார். ஓரத்தில் அச்சு இரண்டு பாதியும் சேர்ந்த கோடு, மேலெல்லாம் வார்ப்பில் வருகிற குமிழிப் புள்ளி. அசல் ரோமானியக் காசு வார்த்தது இல்லை, சுத்தியலால் அடித்தது. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் சிரித்தார். இதனால் வரலாற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் அசல் காசு விற்பவரிடம்தான். 'அண்ணே, இது எந்த ஊர்ல கிடைச்சது?' என்று கேட்டால் போதும், முகம் மாறிவிடும். 'ஊரெல்லாம் எதுக்குப்பா, வேணும்னா வாங்கு.' ஒருவர் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: 'ஊர் பேரைச் சொன்னா நாளைக்கு ஜீப் வந்து நிக்கும்.' அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. 1878-ம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. பத்து ரூபாய்! 1878-ல் அது பெரிய பணம், இன்று ஒரு டீ.

சரி, நேர்மையாகப் போய்க் கொடுக்கிறோம், என்ன கிடைக்கும்? சொந்தக்காரர் யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு என்று சட்டம் தாராளமாகவே ஆரம்பிக்கிறது. ஆனால் கலெக்டர் விரும்பினால் அரசுக்காக எடுத்துக்கொள்ளலாம். அப்போது தர வேண்டியது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டும். தங்கக் காசு கிடைத்த விவசாயிக்கு ஒரு சவரன் விலையும் கூட ஐந்தில் ஒரு பங்கும் வரும். அதே காசு வெளியே அதைப்போல் பல மடங்குக்குப் போகும். செப்புக் காசு என்றால்? இரண்டு கிராம் செம்பின் விலையும் அதில் ஐந்தில் ஒன்றும்! கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற பஸ் டிக்கெட்டுக்கே ஆகாது. அப்புறம் யார் போவார்கள்? ஒன்று உருக்குகிறார்கள், அல்லது ஊர்ப் பெயரை அழித்துவிட்டு விற்கிறார்கள். 1847-ல் கண்ணூர் பக்கம் கோட்டயத்தில் ஐந்து கூலியாட்கள் சுமக்கிற அளவு ரோமானியத் தங்கக் காசு கிடைத்ததாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி உருகிப் போயிற்று. இன்று எவ்வளவு உருகுகிறது என்பது உலைக்குத்தான் வெளிச்சம்.

இங்கிலாந்தில் 1996-ல் தங்கள் புதையல் சட்டத்தைப் புதிதாக எழுதிக்கொண்டார்கள். அங்கே மியூசியம் எடுத்துக்கொண்டால் சந்தை விலை கிடைக்கும். புதையல் என்ற கணக்கில் வராத ஒற்றைக் காசைக்கூட 'எங்கே கிடைத்தது' என்று பதிந்துகொண்டு, காசைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுகிற ஏற்பாடும் 1997-ல் வந்தது. 2014-க்குள் பத்து லட்சம் பொருட்கள் பதிவாகிவிட்டன. அங்கேயும் திருட்டு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்தவன் வாயைத் திறக்க ஒரு காரணமாவது இருக்கிறது. நம் சட்டம் வாயைத் திறக்காதே என்று சொல்லிக் கொடுக்கிறது. நமக்கு இந்தச் சட்டத்தைக் கொடுத்ததே அந்த வெள்ளைக்காரன்தான். அவன் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டான், நாம் அவன் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

தொல்லியல்காரர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், தனியார் காசு சேர்ப்பதே தப்பு, வாங்க ஆள் இருப்பதால்தான் தோண்டுகிறார்கள் என்பார்கள். முதல் பாதியை நான் ஏற்கவில்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021-ல் மறைந்தார்) ஒரு தனியார் சேகரிப்பாளர்தான். பாண்டியன் பெருவழுதி காசை அடையாளம் காட்டியவர் அவர். சேர, மலையமான் காசுகளுக்கும் அவர் புத்தகங்களைப் பார்க்காமல் யாரும் எழுத முடியாது. 1994-ல் அவர் எழுதிய பிற்கால ரோமானியச் செப்புக் காசுப் புத்தகத்தின் தலைப்பிலேயே கரூரும் மதுரையும் இருக்கின்றன! அவரைப் போன்றவர்கள் வாங்காமல் இருந்திருந்தால் அமராவதி மணலில் கிடைத்ததெல்லாம் பாத்திரக்கடை எடைத்தட்டுக்குப் போயிருக்கும். வாங்கியது இல்லை விஷயம், வாங்கினதும் எழுதி வைத்தாரே, அதுதான். ஆல்பக்காரர்களுக்கும் அவருக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் ஒரு நோட்டுப் புத்தகம்.

இரண்டாம் பாதியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஊர் சொல்லாத அசல் காசை நான் வாங்குவதில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும். ஒரு பிரியாணி விலைக்கு ஹொனோரியஸ் கிடைக்கும்போது கை அரிக்கத்தான் செய்கிறது. இந்தக் கணக்கில் பார்த்தால் என் வெட்டுப்பட்ட சீசரும் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. பரவாயில்லை, மியூசியத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

திருக்கோவிலூர், மணலூர்ப்பேட்டை, செங்கம், கலசபாக்கம் பக்கத்திலிருந்து காலேஜுக்கு வருகிற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பானையோடு புதையல் கிடைத்தால் சட்டப்படி கலெக்டர் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும், அதில் நான் இல்லை. நான் கேட்பது தாத்தா காலத்திலிருந்து அஞ்சறைப்பெட்டியிலோ சாமி ரூம் டப்பாவிலோ கிடக்கிற தேய்ந்த ஒற்றைக் காசுகளைப் பற்றி. காசு உங்களிடமே இருக்கட்டும். ஒரு போட்டோ, அது எந்த ஊரில், எந்த வயலில், எந்த ஓடைக்கரையில் கிடைத்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற பெயர், இந்த இரண்டும் எனக்குப் போதும். அப்புறம் ஒன்று, போட்டோ எடுக்கும் முன் பளபளப்பாக இருக்கட்டுமே என்று தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளி, எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.